நாலு கட்டும் ஒரு கயிறும்

பேசாமல் இருந்தது போதும் மாமா. ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். உங்களுக்காகத்தான் மூடிக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் எழுதிவிட வேண்டும் என்று இன்றைக்குக் காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் மார்க்கெட் பக்கத்து மருந்துக்கடையில் என் இரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பெரியவர்களுக்குப் போடுகிற டயாப்பர் இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடைக்காரர் ஸ்டூலில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கி, தூசி தட்டி மேஜைமேல் போட்டார். ஓரம் கிழிந்திருந்தது. அந்த வாசனை வந்தது மாமா. பவுடரும் பிளாஸ்டிக்கும் புது ரப்பரும் கலந்த வாசனை. என் கை தானாகவே சட்டைக் கையை மடித்துவிடத் தொடங்கியது.

எந்த சைஸ் என்று கடைக்காரர் கேட்டார். இருப்பதிலேயே பெரியது கொடுங்கள், நிறையத் தாங்கும் என்றார் அவர். அப்பா ஒல்லியா, குண்டா என்று நான் கேட்டுவிட்டேன். ஒல்லி என்றார். அப்படியானால் பெரியது வாங்காதீர்கள், தொப்புளுக்குக் கீழே இடுப்பு எலும்பைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொண்டு வாருங்கள், தொடைப் பக்கம் இடைவெளி இருந்தால் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒழுகும், இடுப்பில் இரண்டு விரல் போகிற அளவுதான் இருக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க டாக்டரா சார்?" என்றார். இல்லை என்றேன். "பின்ன?" என்று கேட்டார். மாத்திரை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

நான் உங்களுக்கு யாராக இருந்தேன்? உங்கள் ஒரே மகளைக் கட்டியவன். எம்.எஸ்சி. படித்தவன், எண்ணூர் கம்பெனியில் கெமிஸ்ட் என்று நீங்கள் பெருமையாக ஊரைக் கூட்டிப் பெண் கொடுத்த மாப்பிள்ளை. நான் காலடிப்பேட்டை வீட்டு வாசற்படி ஏறினால் நாற்காலியிலிருந்து எழுந்து தோளில் கிடக்கும் துண்டைச் சரிசெய்வீர்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் தார்ப்பாய் கட்டுகிற கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தவர் நீங்கள். அந்த மிரட்டல் குரல் என்னிடம் மட்டும் இறங்கிவிடும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

பிறகு கம்பெனியை மூடினார்கள். விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. நாற்பத்தாறு வயதில் வீட்டில் உட்கார்ந்தேன். அந்த வருடப் பொங்கலன்று உங்கள் வீட்டுக்கு வந்த கூட்டத்தின் நடுவில், "மாப்ள இன்னா பண்றாரு?" என்று யாரோ கேட்டதற்கு, "இன்னா பண்றாரு, வூட்லதான் கீறாரு. நம்ம ஹார்பர்ல மூட்ட எண்ற டேலி கிளார்க் வேலைக்கு சொல்லி வெச்சிகீறேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள் என்று உங்கள் மகள் இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம். நான் அன்றைக்குச் சாப்பிட்டது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. அந்தச் சிரிப்பு ஞாபகமிருக்கிறது.

அதற்கடுத்த வருடம்தான் உங்களுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனது. கட்டு பிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சிறுநீர் நிற்கவில்லை. போகப் போகச் சரியாகும் என்றார்கள். சரியாகவில்லை. இதை யார் பார்த்துக்கொள்வது என்று, பெரிய மச்சானும் குடியிருந்த உங்கள் வீட்டில் பேச்சு வந்தபோது, அவருக்கு ஷிப்டு, சின்ன மச்சானுக்குக் கடை. அத்தை உயிரோடு இல்லை. மருமகள்கள் செய்யக்கூடிய வேலை இல்லை. என்னை யாரும் நேராகக் கேட்கவில்லை. "வேலக்கி போறவங்க இன்னா பண்ண முடியும்?" என்று பெரிய மச்சான் கூரையைப் பார்த்துச் சொன்னார். கூரையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் வேலைக்குப் போகாத ஆண் நான் ஒருவன்தான்.

காலை ஆறு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு தெரு தாண்டி வருவேன். முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது நீங்கள் வழக்கம்போல எழுந்து நின்றீர்கள். நின்றவரைப் படுக்கச் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. மருமகன் முன்னால் வேட்டியை அவிழ்ப்பதற்கு உங்களுக்குக் கை வரவில்லை. கடைசியில் நீங்கள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு படுத்தீர்கள். நான் அதே காலண்டரைப் பார்த்துக்கொண்டு டயாப்பரை ஒட்டினேன். இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு செய்த காரியம் எப்படிப் பொருந்தும்? அரைமணி நேரத்தில் பாய் நனைந்தது.

பெரிய மச்சான் வாங்கி வைத்திருந்தது இருப்பதிலேயே பெரிய சைஸ். பள்ளிக்கூடத்துக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூட்டி வைக்கச் சொல்வோமே, அந்தக் கணக்கில் வாங்கியிருந்தார். நீங்களோ ஆபரேஷனுக்குப் பிறகு பாதியாகியிருந்தீர்கள். அந்த டயாப்பர் உங்கள் இடுப்பில் நிற்காது. நழுவும். அப்போது நீங்கள் ஒரு காரியம் செய்வீர்கள். முன்பக்கத்தை மேலே இழுத்து அரைஞாண் கயிற்றுக்குள் விட்டுச் செருகிக்கொள்வீர்கள். வயசுப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து கோவணம் கட்டிப் பழகிய கை. அது செருகியதும் நடுப்பாகம் இறுகும், தொடை இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொள்ளும். பிறகு ஒழுகாமல் என்ன செய்யும்? இது எனக்குப் புரிவதற்கே பத்து நாள் ஆனது. ஏனென்றால் நான் பார்க்கவே இல்லை.

அந்தப் பத்து நாளுக்குள்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பெரிய மச்சானின் மகள் கவிதாவுக்குப் பெரம்பூரிலிருந்து வந்த சம்பந்தம். பேசிக்கொண்டிருந்துவிட்டு அவர்கள் எழுந்தபோது நீங்களும் மரியாதைக்கு எழுந்தீர்கள். நாற்காலியில் ஈரம். வேட்டியின் பின்பக்கம் கை அகலத்துக்கு ஈரம். அவர்கள் பார்க்காதது போல் இருந்தார்கள். அதுதான் மோசம். அவர்கள் போன பிறகு உங்கள் மகன்கள் வாசலில் நின்று பேசி முடிவெடுத்தார்கள். கல்மண்டபத்தில் மண்டபம் பிடித்து வைக்கிற நிச்சயதார்த்தத்துக்கு அப்பா வர வேண்டாம். பெரிய மச்சான் என் தோளில் கையை வைத்து, "நீங்க கூட இருந்துக்குங்க மாப்ள. ஒரு மூணு மணி நேரந்தானே" என்றார்.

அன்றைக்கு எனக்குள் ஏறியது அன்பு இல்லை மாமா. கோபம். உங்களோடு சேர்த்து என்னையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நீங்களும் நானும் ஒரே பட்டியலில் இருந்தோம். உங்களை முதல் வரிசையில் உட்காரவைத்துக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தது அந்தக் கோபத்தில்தான். உங்களிடம் மட்டும் அதைச் சொன்னேன். நீங்கள் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு, "தட்டு நான்தான் மாத்தணும் மாப்ள. பாட்டன் கீறப்ப வேற யாரும் மாத்தக்கூடாது" என்றீர்கள்.

மறுநாள் உங்கள் மகளின் தையல் டேப்பை எடுத்து வந்து அளந்தேன். முதல்முறையாக நேராகப் பார்த்து அளந்தேன். இரண்டு சைஸ் குறைத்து வாங்கினேன். பொட்டலத்தின் பின்னால் அச்சடித்திருந்த படங்களைப் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்தேன். விரிக்கும் முன் நீளவாக்கில் மடித்து ஒரு தரம் முறுக்க வேண்டும். உள்ளே இரண்டு பக்கமும் மெல்லிய மடிப்பு ஒன்று படுத்துக் கிடக்கும். அதை விரலால் நிமிர்த்திவிட வேண்டும். பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி இருக்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாதியை அடியில் தள்ளி, மறுபக்கம் திருப்பி இழுக்க வேண்டும். எல்லாம் படத்தில் இருந்தது. நாலு ஒட்டு நாடாவில் எதை முதலில் ஒட்டுவது என்பது மட்டும் அச்சு மங்கிப்போய்த் தெரியவில்லை.

நான் மேலேயிருந்து ஒட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, முதல்முறையாக அந்த மேஸ்திரிக் குரலில் என்னை அதட்டினீர்கள்.

"இன்னா மாப்ள கட்றீங்க? மேல மொதல்ல கட்டுனா அடியில காத்து பூந்துடும். கீழ் கட்டுதான் மொதல்ல. கீழத்தத மேல பாக்க இழு, மேலத்தத கீழ பாக்க இழு. அப்பதான் சரக்கு அசையாது."

அப்படியே ஒட்டினேன். தொடையோரம் கச்சிதமாக உட்கார்ந்தது. லாரி மேல் நின்றுகொண்டு பார்ப்பது போலத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ம். மழ வந்தாலும் தாங்கும்" என்றீர்கள். "மழை வெளியிலிருந்து வரவில்லையே மாமா" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, போட்டது மறுபடி கழன்றது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான்.

ஆனால் வீட்டில் படுத்திருக்கும்போது தாங்குவது வேறு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்து குனிந்து தட்டு மாற்றும்போது தாங்குவது வேறு. எனக்குத் தூக்கம் போய்விட்டது. கம்பெனியை மூடியபோது லேபிலிருந்து நான் எடுத்து வந்த ஒரே பொருள் கண்ணாடி அளவுக்குழாய். அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இருநூற்றைம்பது மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சள் கரைத்து, பொருத்திய பிறகு உள்ளே ஊற்றி, அடியில் வெள்ளைத் துண்டு விரித்து உங்களை உட்காரவைத்தேன். எங்கே ஒழுகுகிறதோ அங்கே மஞ்சள் படும். உட்காருங்கள், எழுந்திருங்கள், தண்ணீர்க்குழாய் வரை நடந்து வாருங்கள், குனிந்து இந்தத் தட்டை எடுங்கள். "என்னிய வெச்சி கிளாஸ் எடுக்கறீங்களா மாப்ள?" என்று முனகிக்கொண்டே எல்லாம் செய்தீர்கள்.

ஒவ்வொரு முறையும் இடது இடுப்புப் பக்கம் மஞ்சள் பட்டது. ஐந்து நாள், ஐந்து துண்டு, ஒரே இடம். காரணம் கயிறு. நீங்கள் இளைத்துவிட்டதால் அரைஞாண் இறங்கி இடுப்பு எலும்பின்மேல் கிடந்தது. உள்ளே விட்டு மேலே டயாப்பரை ஒட்டினால், கயிறு மேடாக நின்று அந்த இடத்தில் சந்து விழும். வெளியே விட்டால் உங்கள் கை சும்மா இருக்காது, செருகிவிடும். மேலே வயிற்றுக்கு ஏற்றிவிட்டால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். போதாததற்கு, இறுக்கி ஒட்டியதில் கயிறு அழுந்தித் தோல் சிவந்து, பிறகு உரிந்து புண்ணாகியிருந்தது. புண்ணுக்கு மருந்து போட வந்த நர்ஸம்மா, கயிற்றை எடுத்துவிட்டால்தான் ஆறும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுக்கலாமா என்று கேட்டேன். நீங்கள் கயிற்றைக் கையால் மூடிக்கொண்டீர்கள்.

"அர்ணாக்கவுற எப்ப அறுப்பாங்கன்னு தெரியாதா மாப்ள? படிச்சவரு நீங்க."

தெரியும். பழையது நைந்துபோனால்கூடப் புதியதைக் கட்டிய பிறகுதான் அதைக் கழற்றுவார்கள். ஒரு நொடிகூட ஆம்பளை இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது. வெறும் இடுப்பு பிணத்துக்குத்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. ஆனால் என் இடுப்பிலும் அன்றைக்கு ஒரு கயிறு இருந்தது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாவது துண்டிலும் மஞ்சளைப் பார்த்தபோது எனக்கு வெறி வந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. அந்தத் துண்டை உங்கள் மடியில் போட்டு, கயிறு வேண்டுமா, பேத்தி நிச்சயதார்த்தம் வேண்டுமா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றேன். அதோடு நிறுத்தவில்லை. வேலை இல்லாதவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஊற்றித் துடைத்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். பொங்கலன்று விழுங்கியது அப்போது வெளியே வந்தது. நீங்கள் துண்டை நாலாக மடித்துப் பக்கத்தில் வைத்தீர்கள்.

இரண்டு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் வருவேன், மாற்றுவேன், போவேன். மூன்றாம் நாள் காலை, உங்கள் மகள் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அவளைப் பால் வாங்கி வர அனுப்பினீர்கள். வீட்டில் மற்றவர்கள் இல்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஷேவிங் பிளேடு ஒன்றை எடுத்து, காகிதத்தோடு என் கையில் வைத்தீர்கள்.

"அறுத்துடு மாப்ள."

அதுவரை என்னை இப்படி ஒருமையில் கூப்பிட்டது, டயாப்பர் கட்டும்போது வாய் தவறி வந்தது மட்டும்தான். இது வாய் தவறியது இல்லை. வேண்டாம் மாமா, இன்னொரு விதமாகப் பொருத்திப் பார்க்கிறேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்.

"எட்டு விதமா பாத்தாச்சி. அறு. விசேசம் முடிஞ்சதும் புதுசு ஒண்ணு கட்டிக்கலாம். ஆனா நான் சொல்லித்தான் நீ அறுத்தேன்னு எவனுக்கும் சொல்லாத. அப்பன் போறதுக்கு ரெடியாய்ட்டான்னு பசங்க பயந்துக்கும்."

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றேன்.

"நீதான் அறுத்தேன்னு சொல்லு. மாப்ளைய இன்னா பண்ணிடுவானுங்க?"

அறுத்தேன். கறுத்து, மெழுகு போலாகியிருந்தது கயிறு. இரண்டு இழுப்பில் விட்டுவிட்டது. அதைக் காலில் படாமல் கடலில் போடச் சொன்னீர்கள். அன்று மத்தியானமே கரையில் கொட்டியிருக்கும் பாறைகள்மேல் ஏறி நின்று போட்டேன். திரும்பி வந்து மாலையில் பொருத்தியபோது டயாப்பர் உங்கள் உடம்பில் தைத்து வைத்தது போல் உட்கார்ந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். உட்கார்ந்தீர்கள், எழுந்தீர்கள், நடந்தீர்கள், குனிந்தீர்கள். துண்டு வெள்ளையாகவே இருந்தது. இரண்டு விரலை இடுப்பில் விட்டுப் பார்த்தேன். சரியாகப் போனது. எனக்கு வேலை போன பிறகு, என் கையால் ஒரு காரியம் சரியாக வந்தது அதுதான்.

நிச்சயதார்த்தத்தை நான் பார்க்கவில்லை மாமா. நாற்காலியைத்தான் பார்த்தேன். நீங்கள் வருகிறீர்கள் என்று நான் சொன்னதும் பெரிய மச்சானின் முகம் போன போக்கும், வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கிய உங்களைப் பார்த்து அவர் மனைவி சின்ன மச்சானிடம் ஏதோ முணுமுணுத்ததும் தெரியும். பையில் மாற்று டயாப்பர், துண்டு, இன்னொரு வேட்டி எல்லாம் இருந்தது. மண்டபத்துக் கழிவறையை இரண்டு நாள் முன்பே போய்ப் பார்த்துவிட்டிருந்தேன். படுக்க இடமில்லை, நின்றபடி மாற்ற வேண்டும் என்பதால் அதையும் பழகியிருந்தோம். உங்களுக்குக் கொடுத்தது சிவப்பு மெத்தை போட்ட நாற்காலி. சிவப்பில் ஈரம் கறுப்பாகத் தெரியும். தூண் பக்கத்தில் நின்று அந்த மெத்தையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ காபி கொடுத்தார்கள். அது கையில் ஆறிப்போனது.

தட்டு மாற்றக் கூப்பிட்டார்கள். எழுவதுதான் கண்டம். உட்கார்ந்திருக்கும்வரை எல்லாம் தாங்கும், எழும்போதுதான் பாரம் இறங்கும், நாடா இழுபடும். நீங்கள் இரண்டு கைப்பிடியையும் பிடித்து எழுந்தீர்கள். முதுகு என் பக்கம். வேட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. மெத்தை சிவப்பாகவே இருந்தது. தேங்காய் பழத்தோடு தட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் தட்டை வாங்கி, சபையைப் பார்த்து நின்றீர்கள். உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. போட்டோவில்தான் பார்த்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் வேட்டியின் பின்பக்கத்தை நீங்களே தடவிப் பார்த்துக்கொண்டீர்கள். பிறகு, "நாலு கட்டும் நின்னுது மாப்ள" என்றீர்கள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் இருந்தீர்கள். ஒரு நாள் முற்பகலில், நான் மாற்றிவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில், தண்ணீர் கேட்காமல், யாரையும் கூப்பிடாமல் போய்விட்டீர்கள்.

குளிப்பாட்டும்போது நடந்தது உங்களுக்குத் தெரியாது. சடங்கு செய்ய வந்தவர், அரைஞாணை அறுப்பதற்காக இடுப்பில் கையை விட்டுத் தேடினார். இரண்டு பக்கமும் தேடினார். நிமிர்ந்து, கயிறு எங்கே என்று கேட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த இடுப்பு என் பொறுப்பில் இருந்ததல்லவா? "யாரு அறுத்தது?" என்று பெரிய மச்சான் கேட்டார். நான்தான் என்றேன். எப்போது என்றார். நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி என்றேன். பெரிய மச்சானின் மனைவிதான் பேசினாள். "உசுரோட கீறவருக்கு அறுத்துட்டியே, கலீஜா கீதுன்னு அறுத்துட்டியா?" என்று கேட்டாள். யாரோ கறுப்பு நூல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதைக் கட்டி, உடனே அறுத்து, சடங்கை முடித்தார்கள்.

உங்கள் மகளும் அங்கேதான் நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாப்பிள்ளையை என்ன செய்துவிடுவார்கள் என்றீர்களே. ஒன்றும் செய்யவில்லை. காரியத்தன்று என்னைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். அப்பாவுக்கு ஆயுள் இருந்தது, கயிற்றை அறுத்துத்தான் முடித்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வீடு பேசினார்கள். போன மாதம் கவிதாவின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். மொட்டையடித்த குழந்தைக்குக் கட்டப் புது அரைஞாணைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தபோது, அதை வாங்கப் பக்கத்தில் நின்ற நான் கையை நீட்டினேன். பெரிய மச்சான் தட்டை இழுத்துக்கொண்டார். "வேணாம் மாப்ள, உங்க கை வேணாம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர்தான் அறுக்கச் சொன்னார் என்ற மூன்று வார்த்தை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தடுத்தது அது மட்டும் இல்லை.

நீங்கள் புதுக் கயிறு கேட்டீர்கள். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே கேட்டீர்கள். வெள்ளிக்கிழமை நல்ல நாள், கோயில் வாசலில் விற்பான், ஒன்று வாங்கி வந்துவிடுங்கள் என்று மரியாதையாகக் கேட்டீர்கள். சரி என்றேன். வெள்ளிக்கிழமை வந்தபோது புண் இன்னும் ஆறவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் புண் ஆறியிருந்தது. மறந்துவிட்டேன் என்றேன். மூன்றாவது முறை நீங்கள் கேட்டது இப்படி: "ராத்திரில இடுப்ப தடவி பாக்கறேன் மாப்ள, ஒண்ணுமே இல்ல. ஒரு மாரி கீது." இன்றைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை.

ஏன் போகவில்லை தெரியுமா? கயிறு இல்லாமல் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஐந்து வாரமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாய் நனையவில்லை. பெரிய மச்சான்கூட உள்ளே வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கியிருந்தார். கயிறு வந்தால் மறுபடி அந்த இடது பக்கம் மஞ்சள் படும், மறுபடி நான் தோற்பேன். அந்தப் பயம்தான். என் வேலை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக உங்களை வெறும் இடுப்போடு வைத்திருந்தேன். அறுத்தது நீங்கள் சொல்லி. கட்டாமல் விட்டது நானாக. ஊர் என்மேல் சொல்கிற குற்றம் பொய். யாரும் சொல்லாத குற்றம் உண்மை. ஒன்றை மறுக்க வாயைத் திறந்தால் இன்னொன்றும் கூடவே வந்துவிடும் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

கயிறு இருந்திருந்தால் நீங்கள் இன்னும் சில நாள் இருந்திருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. இரசாயனம் படித்தவன், அப்படி நம்ப முடியாது. ஆனால் பயந்துகொண்டு இருந்தீர்கள். அதைப் போக்க இரண்டு தெரு நடந்தால் போதும். நான் நடக்கவில்லை.

எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், வெள்ளை வேட்டி கட்டிய வயதானவர் யாராவது எழுந்தால் என் கண் முதலில் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போகிறது. காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். காய்ந்திருந்தால்தான் மூச்சு வருகிறது. முன்பின் தெரியாத மனிதர்கள். அவர்கள் வீட்டில் யார் பொருத்திவிடுகிறார்களோ, கீழ்க்கட்டை முதலில் போட்டார்களா என்று நினைத்துக்கொள்கிறேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

இதை உறையில் போட்டு, உங்கள் பெயரை எழுதி, காலடிப்பேட்டை வீட்டு முகவரிக்கே அனுப்பப் போகிறேன். யாருக்கும் சொல்லாதே என்றீர்கள். நான் யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறேன். செத்துப்போனவர் பெயருக்கு வந்த தபாலைப் பெரிய மச்சான் பிரிப்பார். பிரிக்காமல் இருக்க அவரால் முடியாது. முதல் பாதியைப் படிக்கும்போது அவர் தலை குனியட்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டாம் பாதியில் அவர் மறுபடி நிமிர்ந்துகொள்வார். அதற்கும் சம்மதித்துத்தான் எழுதினேன்.

கீழே பெயர் போடப் பேனாவை வைத்தேன். இப்படிக்கு என்று எழுதினால் அடுத்து உங்கள் மாப்பிள்ளை என்று வர வேண்டும். அந்த வார்த்தைக்காக நீங்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றவர். புதுக் கயிற்றுக்காக மூன்று முறை அந்த வார்த்தை சொல்லித்தான் கேட்டீர்கள். அதை என் கையால் எழுத இன்றைக்கு முடியவில்லை. யார் எழுதியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியத்தான் போகிறது. தெரியட்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.